ஆளை எடுத்துட்டு ஓட்டு

எனக்கும் என் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம். என் வீட்டுக்காரரோட தங்கச்சி அவ. அண்ணி அண்ணின்னு மரியாதையா கூப்பிட்டுக்கிட்டே மானத்தை வாங்குற ரகம். "ஏன் அண்ணி, இந்தத் துணியைத் துவைச்சீங்களா, இல்ல தண்ணிக்குக் காட்டிட்டு எடுத்துட்டீங்களா?"ன்னு கேப்பா. "வந்துட்டாங்கப்பா பெரிய மனுஷி"ன்னு நான் திருப்பிக் கொடுப்பேன். எங்க வீட்டுல தப்பு எப்பவும் என் மேலதான். பால் பொங்கினா நான், பல்பு போனா நான், துணி காயுறப்ப மழை வந்தா அதுக்கும் நான். அவ வாயிலேர்ந்து "என் தப்பு"ங்கிற வார்த்தையை நான் கேட்டதே கிடையாது. அவ கால் போனதுக்கு அப்புறம்தான் கேட்டேன்.

ரெண்டு பேருக்கும் ஒரே கிடங்குலதான் வேலை. சோப்பு, செருப்பு, குக்கர், டயப்பர்னு எவன் எதை ஆர்டர் பண்ணினாலும் எடுத்து, பெட்டி கட்டி, லாரியில ஏத்துற இடம். அவ கீழே, ரேக்குல இருந்து சாமான் எடுத்துட்டு வர்ற வேலை. நாள் முழுக்க நடைதான். நான் மேலே, கண்ணாடி போட்ட கண்ட்ரோல் ரூம்ல. "ஏசியில உக்காந்து வீடியோ கேம் ஆடுறதுக்கு எங்க அண்ணிக்குச் சம்பளம்"னு கேன்டீன்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தா.

அவ சொன்னதுல பாதி உண்மை. என் வேலை சிமுலேஷன். எங்க கிடங்கை அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு தடவை கட்டி வெச்சிருக்கேன். அதே ரேக்கு, அதே தூண், அதே லாரி வாசல், சாமான் இழுத்துட்டு ஓடுற அதே ஆளில்லா வண்டிங்க. நடுவுல குட்டி குட்டியா ஆளுங்களும் நடப்பாங்க. இங்கே ஒரு ரேக்கை நகர்த்தணும்னா முதல்ல அங்கே நகர்த்திப் பார்ப்பேன். எத்தனை லாரி நிரம்புது, எங்கே வண்டி முட்டிக்கிட்டு நிக்குது, எந்த மூலையில ஆள் அடிபடுறான், எல்லாம் தெரிஞ்சிடும். அங்கே ஒருத்தன் அடிபட்டா சிவப்பா ஒரு புள்ளி எரியும், அவ்வளவுதான். அடுத்த ஓட்டத்துல எழுந்து நடப்பான்.

எங்க மேனேஜருக்கு நாங்க வெச்ச பேரு வேகம். மாடிப்படியை ரெண்டு ரெண்டாத் தாண்டுவார். நாம பேச ஆரம்பிச்சா மிச்சத்தை அவரே பேசி முடிச்சிடுவார், அதுவும் தப்பா. லாரி சீக்கிரம் கிளம்பணும், இன்னும் சீக்கிரம் கிளம்பணும், வேற எதுவும் அவர் காதுல விழாது. ஒரு நாள் வந்து, "வண்டியெல்லாம் ஏன் சுத்திக்கிட்டுப் போகுது? தூண் மூலை வழியா விடு, பாதி நேரம் மிச்சம்"னார்.

தூண் மூலைன்னா ஒரு பக்கம் பெரிய தூண், இன்னொரு பக்கம் கூரை தொடுற ரேக்கு. நடுவுல ஆள் நடக்கிற பாதை குறுக்கே போகுது. நான் ஓட்டிப் பார்த்தேன். அந்த மூலை மட்டும் அம்மை போட்ட மாதிரி சிவப்புப் புள்ளி. வண்டிக்கு முன்னாடி இருக்கிற கண்ணு, திரும்பின பிறகுதான் ஆளைப் பார்க்குது. அவர் கேட்ட வேகத்துல பார்த்துட்டு நிக்கிறதுக்கு இடமே இல்லை. "சார், அந்த மூலையில மட்டும் வேகத்தைக் குறைக்கணும், இல்லன்னா ஆள் நடக்கக் கூடாது"ன்னு சொன்னேன். "பார்ப்போம், பார்ப்போம்"னார். அடுத்த வாரமே என்னை வேற கிளைக்கு வேலையா அனுப்பிட்டார்.

நான் போன பிறகு என் நாற்காலியில அவரே உக்காந்திருக்கார். எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. வண்டி வழி மட்டும் பார்க்கணும்னா ஆளுங்களை எடுத்துட்டு ஓட்டுவோம். ஆளுங்க இருந்தா கம்ப்யூட்டர் இழுத்துக்கிட்டு ஓடும், இல்லன்னா பறக்கும். ஆனா ஆபத்துக் கணக்கு எடுக்கிறதுக்கு முன்னாடி ஆளுங்களைத் திரும்பப் போட்டே ஆகணும். இது இந்த வேலைக்கு நேத்து வந்தவனுக்குக்கூடத் தெரியும். வேகம் ஆளுங்களை எடுத்தார், ஓட்டினார், அப்படியே ஆபத்துக் கணக்கையும் எடுத்துட்டார். பூஜ்யம்னு வந்துச்சு. வராம என்ன செய்யும்? ஆளே இல்லாத இடத்துல யாருக்கு அடிபடும்? அந்தப் பூஜ்யத்தைப் பச்சைக் கலர்ல பெருசாப் போட்டு முதலாளியம்மாகிட்ட காட்டிக் கையெழுத்து வாங்கிட்டார்.

நான் திரும்பி வர்றப்ப வண்டிங்க தூண் மூலையில பறந்துக்கிட்டிருக்கு. நேரா அவர் ரூமுக்குப் போனேன். "ஆளைப் போட்டு ஓட்டுங்க சார், என்ன ஆகுதுன்னு பாருங்க."

"ஆளைப் போட்டா எல்லாம் மெதுவாகுதும்மா"ன்னு சிரிச்சார். "ஆளை எடுத்துட்டு ஓட்டு."

முதலாளியம்மாவைப் பார்க்க நேரம் கேட்டேன். கொடுத்தாங்க. அந்த நாள் வர்றதுக்குள்ள, பட்டப்பகல்ல, என் நாத்தனார் ஒரு குக்கர் பெட்டியைத் தூக்கிக்கிட்டு அந்த மூலையைத் தாண்டினா. வண்டி அவளைத் தூணோட சேர்த்து அடிச்சுது. நான் மேலேர்ந்து கண்ணாடி வழியா பார்த்தேன். வலது கால், முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாப் போச்சு.

ஆஸ்பத்திரிக்கு வேகம் ஒரு பூச்செண்டோட வந்தார். படுக்கை பக்கத்துல நின்னு, என் காது கேக்க, "கவலைப்படாதம்மா. கம்பெனி உன்னை மன்னிச்சிடுச்சு"ன்னார். மன்னிச்சிடுச்சாம்! அந்தப் பூச்செண்டாலேயே அவர் மூஞ்சியில ஒண்ணு போட்டிருக்கணும். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

விசாரணையில வேகம் அதே பச்சைப் பூஜ்யத்தைத் திரையில போட்டார். கம்ப்யூட்டர் கணக்குப்படி இந்த மூலையில விபத்துக்கு வாய்ப்பே இல்லை, அதனால வண்டி மேல தப்பில்லை, அதனால அந்தப் பொண்ணுதான் கவனமில்லாம நடந்திருக்கு. நான் எழுந்து கத்தினேன். ஆளை எடுத்துட்டு ஓட்டினதைச் சொன்னேன். "சொந்தக்காரங்க, பாவம், வேற எப்படிப் பேசுவாங்க"ன்னு சொல்லி என் முன்னாடி ஒரு கிளாஸ் தண்ணி நகர்த்தி வெச்சார். முதலாளியம்மா என்னைப் பரிதாபமா பார்த்தாங்க. அவளோட கவனக்குறைவுதான்னு தீர்ப்பாயிடுச்சு.

அதைக்கூட நான் பொறுத்திருப்பேனோ என்னவோ. வீட்டுக்கு வந்த பிறகு அவ பேசினதுதான் பொறுக்க முடியலை. "அண்ணி, நான்தான் பார்க்காம போயிட்டேன் போல. என் தப்புதான்." டீ கொட்டினா, என் தப்பு அண்ணி. பாத்ரூம் போக என்னை எழுப்பினா, மன்னிச்சுக்கோங்க அண்ணி. ஒரு நாள் நான் வேணும்னே அவ துணியைச் சுருட்டிக் கசக்கிக் காயப்போட்டேன். பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம திரும்பிப் படுத்துக்கிட்டா. நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதேன். என்னைத் திட்டுறதுக்கு இந்த உலகத்துல இருந்த ஒரே ஆளை அந்தப் படுபாவி ஊமையாக்கிட்டான்.

அவரை விடப்போறதில்லைன்னு அன்னைக்கே முடிவு பண்ணினேன். நியாயம், நீதின்னு பெருசா பேச எனக்கு வராது. அந்த ஆள் அந்த மூலையில போய் நிக்கணும். வண்டி சத்தம் காதுல விழணும். அப்படியே அடிபட்டாலும் எனக்குச் சந்தோஷம்தான்னு இருந்தேன். இதை என் வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லலை.

பொறுமையா இருந்தேன். "வணக்கம் சார்", "சரி சார்", "சூப்பர் சார்". பல்லைக் கடிச்சுக்கிட்டு எத்தனை சார் போட்டிருப்பேன்! கடைசியில வாய்ப்பு அவரே கொண்டு வந்தார். கம்பெனி இதைவிட பெரிய கிடங்கு ஒண்ணு கட்டப் போகுது, அதுலயும் இதே வழி, இதே வேகம். முதலாளியம்மாவும் காப்பீட்டுக் கம்பெனிக்காரரும் நம்ம கிடங்குலயே எல்லாத்தையும் நேர்ல பார்க்க வர்றாங்க. ஒத்துக்கிட்டா புதுக் கிடங்குக்கு வேகம்தான் தலைமை.

நான் ஆளுங்களைப் போட்டு மறுபடி ஓட்டி, சிவப்புப் புள்ளியெல்லாம் காட்டினேன். பார்க்காத மாதிரி போயிடக் கூடாதுன்னு அவர் ரூமுக்கே லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போய் மூக்குக்கு நேரா வெச்சேன். பார்த்தார். நல்லாவே பார்த்தார். "ஆளை எடுத்துட்டு ஓட்டும்மா, எத்தனை தடவை சொல்றது?"ன்னார்.

"சரி சார்"னு சொன்னேன். "இன்னொரு விஷயம் சார். புதுக் கிடங்கோட கம்ப்யூட்டர் மாதிரியில முதல்ல நடக்கிற ஆள் நீங்களாவே இருக்கணும்னு எனக்கு ஒரு ஆசை. உங்க நடையை அளந்து அப்படியே செஞ்சுடுவேன்."

ஆள் உச்சி குளிர்ந்து போயிட்டார். கணுக்கால்ல கருவியைக் கட்டிக்கிட்டு, தொப்பையை உள்ளே இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, வராந்தாவுல மேலும் கீழும் நடந்தார். "உயரத்தைக் கொஞ்சம் கூட்டிக்கோ"ன்னு ரகசியமா சொன்னார். கூட்டினேன். தொப்பையை மட்டும் உள்ளது உள்ளபடி வெச்சேன்.

அடுத்தது முதல் நடை. முதலாளியம்மாவோட அப்பா காலத்துல இருந்தே எங்க கம்பெனியில இருக்கிற வழக்கம் அது. புது வழியை யார் கொண்டு வர்றாங்களோ அவங்கதான் அந்த வழியில முதல்ல நடக்கணும். வண்டியெல்லாம் ஓடிக்கிட்டிருக்கணும். அந்த வழியில தினம் நடக்கிற தொழிலாளி ஒருத்தர் சாட்சியா பார்க்கணும். போன தடவை வேகம் லீவு நாள்ல வந்து, வண்டியெல்லாம் சார்ஜ்ல நிக்கிறப்ப, வாட்ச்மேனைச் சாட்சியா வெச்சு நடந்துட்டுப் போயிட்டார்.

முதலாளியம்மாவுக்கு போன் போட்டேன். குரல்ல தேன் தடவிக்கிட்டேன். "அம்மா, காப்பீட்டுக்காரர் வர்ற அன்னைக்கே புதுக் கிடங்குக்கான முதல் நடையை சார் நடந்தா நல்லா இருக்கும்ல? அப்பா ஐயா வெச்ச வழக்கம்னு அவர்கிட்ட சொல்லலாம்." அவங்க அப்பா பேரைச் சொன்னா அவங்க உருகிடுவாங்க. "சாட்சிக்கு யாரு?"ன்னு கேட்டாங்க. "அந்த வழியில இப்ப யாரும் நடக்கிறதில்லைம்மா, பயந்துக்கிட்டுச் சுத்திப் போறாங்க. தினம் நடந்தவ ஒருத்திதான் இருக்கா."

"அவளையே கூட்டிட்டு வா"ன்னாங்க.

வீட்டுல சொன்னதும் அவ பயந்துட்டா. "நான் எதுக்கு அண்ணி? தப்பு பண்ணினவ நான். நான் எப்படி அங்க போய் நிப்பேன்?"

"நீ நிக்க வேண்டாம், உக்காரு. வாயைத் திறக்காம பாரு, போதும்."

அன்னைக்குக் காலையில வேகம் எனக்கு போன் பண்ணினார். குரல் இறங்கி இருந்துச்சு. "இங்க பாரும்மா, நான் நடக்கிறப்ப மட்டும் வண்டி வேகத்தைப் பாதியாக் குறைச்சு வை. யாருக்கும் தெரிய வேண்டாம்."

இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்னு சொன்னா பொய். இவ்வளவு நான் எதிர்பார்க்கவே இல்லை. "பார்த்துக்கிறேன் சார்"னு சொல்லி வெச்சேன். வண்டி வேகத்தை அப்படியே விட்டேன்.

கண்ட்ரோல் ரூம்ல முதலாளியம்மா, காப்பீட்டுக்காரர், நான், செயற்கைக் காலோட என் நாத்தனார். திரையில கேமரா படம். மேசை மேல எப்பவும் எமர்ஜென்சி பெட்டி இருக்கும். சின்னதா, நீளமான ஒயரோட, நடுவுல சிவப்புப் பொத்தான். அழுத்தினா எல்லா வண்டியும் அந்த இடத்துலயே நிக்கும். முதல் நடை நடக்கிறப்ப கண்ட்ரோல் ரூம்ல இருக்கிறவங்க கை அந்தப் பெட்டி மேல இருக்கணும், அது விதி. நான் என் கையை மடியில வெச்சுக்கிட்டேன்.

வேகம் ஆரஞ்சு சட்டையும் ஹெல்மெட்டும் போட்டுக்கிட்டு, கேமராவைப் பார்த்துக் கையாட்டினார். சட்டையில வாக்கி டாக்கி குத்தியிருந்துச்சு. அது ரூம் ஸ்பீக்கர்ல போட்டிருக்குன்னு அவருக்குத் தெரியாது. நான் சொல்லலை. செருப்பு ரேக்கைத் தாண்டினார், சோப்பு ரேக்கைத் தாண்டினார். நல்ல மிடுக்கான நடை. "பாருங்க, எவ்வளவு நம்பிக்கையா போறார்"னு காப்பீட்டுக்காரர் பாராட்டினார்.

தூண் மூலை வந்துச்சு. மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கால் எடுத்து வெச்சார்.

வைடா இன்னொரு காலை, வைடான்னு மனசு கத்துது. கை மடியை விட்டு எழும்பலை.

சத்தம் கேட்டிருக்கணும். பின்னால துள்ளினார் பாருங்க, ஆகாசத்துல எழும்பி, பொத்துன்னு தரையில உக்காந்தார். வண்டி அவர் ஷூ நுனியை உரசிக்கிட்டுப் பறந்துச்சு. தலையிலேர்ந்து ஹெல்மெட் கழண்டு உருண்டு பாதைக்குப் போச்சு. அடுத்த வண்டி திரும்பினதும் அதை ஏத்தி நசுக்கிட்டுப் போயிடுச்சு. அந்த நொறுங்குற சத்தம் ஸ்பீக்கர்ல வந்தப்ப முதலாளியம்மா நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்துட்டாங்க.

என் நாத்தனார் மேசை மேல இருந்த வாக்கி டாக்கி மைக்கைத் தன் பக்கம் இழுத்தா. மெதுவா, அன்பா, "நடங்க சார்"னா. "பயப்படாதீங்க. நான் தினம் நடந்த வழிதான்."

குரல் என்னுதுன்னு நினைச்சுட்டார். "ஏய்! வேகத்தைக் குறைச்சு வைன்னு காலையிலேயே உன்கிட்ட சொன்னேனா இல்லையா? இந்த வேகத்துல வந்தா எவன்டி தப்பிப்பான்?"

"யாரும் தப்பிக்க முடியாது சார்"னா அவ. "நான் அண்ணி இல்லை. கால் போனவ பேசுறேன். உங்களுக்குக் குறைக்கச் சொன்ன மாதிரி எனக்கும் குறைச்சிருக்கலாமே சார்?"

திரையில வேகம் தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்தார். அந்த மூஞ்சி! அதைப் பார்க்கிறதுக்காகவே நான் அத்தனை சாரும் போட்டேன். வாய் திறந்து திறந்து மூடுது, ஒரு வார்த்தை வரலை. மத்தவங்க வாயிலேர்ந்து பேச்சைப் பிடுங்கிப் பேசுற மனுஷன்.

"வண்டியை நிறுத்துங்க!"ன்னு முதலாளியம்மா கத்தினாங்க. நான் மேசை மேல கையை நீட்டினேன். பெட்டி அங்கே இல்லை. என் நாத்தனார் தன் மடியிலேர்ந்து அதை எடுத்து, துப்பட்டாவை விலக்கி, பொத்தானை அழுத்தினா. கிடங்கு முழுக்க சத்தம் அடங்கிடுச்சு.

காப்பீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "இந்த மூலைக்கு ஆபத்து பூஜ்யம்னு கணக்கு கொடுத்தீங்களே?"ன்னார். இந்தக் கிடங்கோட கம்ப்யூட்டர் மாதிரியைத் திரையில ஓட்டிக் காட்டினேன், ஆள் இல்லாம. பச்சைப் பூஜ்யம். ஆளுங்களைப் போட்டேன். வேகத்தோட நடை, வேகத்தோட தொப்பை, குட்டி உருவம் செருப்பு ரேக்கைத் தாண்டி, சோப்பு ரேக்கைத் தாண்டி, தூண் மூலைக்குப் போய் அடிபட்டு விழுந்துச்சு. மறுபடி நடந்துச்சு, மறுபடி விழுந்துச்சு. முதலாளியம்மா போதும்னு சொல்ற வரைக்கும் நான் நிறுத்தலை.

பழைய தீர்ப்பை மாத்தினாங்க. அதைச் சொல்ல முதலாளியம்மாவே எங்க வீட்டுக்கு வந்தாங்க. "தப்பு கம்பெனி மேல"ன்னு இழுத்தாங்க. என் நாத்தனார் விடலை. "என் மேல இல்லைன்னு சொல்லுங்கம்மா. என் காது கேக்கணும்"னா. சொன்னாங்க. இன்னொரு தடவை சொல்லச் சொன்னா. சொன்னாங்க. அவங்க படி இறங்கினதும் இவ என் பக்கம் திரும்பி, "ஏன் அண்ணி, வந்தவங்களுக்குக் கொடுத்தீங்களே, அது டீயா, கழனித் தண்ணியா?"ன்னா. "உனக்கு வேணும்னா நீயே போட்டுக்க"ன்னு கத்திட்டு அடுப்படிக்குள்ள ஓடிட்டேன்.

வேகத்தை வேலையை விட்டு எடுத்துட்டாங்க. அவர் வீட்டுக்கு அவ ஒரு பூச்செண்டு அனுப்பினா, ஆஸ்பத்திரிக்கு வந்த அதே அளவு, அதே நிறம். கூட ஒரு அட்டை: கவலைப்படாதீங்க சார், நான் மன்னிக்கலை.

கம்ப்யூட்டர் மாதிரியில ஆளுங்களை இனிமே யாரும் எடுக்க முடியாதபடி பூட்டி வெச்சிருக்கேன். அந்தக் குட்டி வேகத்தை மட்டும் நான் அழிக்கலை. எந்தப் புது வழி வந்தாலும் முதல்ல அவர்தான் நடக்கணும். சாயங்காலம் வீட்டுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடியே அவ கேப்பா, "இன்னைக்கு எத்தனை தடவை அடிபட்டான்?" நான் சொல்லுவேன். குறைவா இருந்தா முகம் சுருங்கிடும்.

நேத்து டீ குடிக்கிறப்ப ரொம்ப நாளா மனசுல இருந்ததைக் கேட்டுட்டேன். "அன்னைக்குப் பெட்டியை எப்ப எடுத்து மடியில வெச்சே?"

"நீங்க சிரிச்சுக்கிட்டே கண்ட்ரோல் ரூம் கதவைத் திறந்தீங்கல்ல, அப்பவே."

"எதுக்கு? நான் அழுத்த மாட்டேன்னு பயந்தியா?"

அவ டம்ளரைக் கீழே வெச்சா. "அழுத்திடுவீங்களோன்னு பயந்தேன் அண்ணி."

அவ செயற்கைக் காலைக் கழட்டி ஓரமா சாய்ச்சு வெச்சுட்டு, முட்டியைத் தடவிக்கிட்டே, "அன்னைக்கு உங்க கை எங்க இருந்துச்சு?"ன்னா.

"மடியில."

"அப்ப பேசாம குடிங்க. ஆறுது."